தென்னார்க்காடு தந்த முதல் முதலமைச்சர்

தமிழகத்தின் முதல் முதலமைச்சர் யார் என்று வகுப்பறையில் கேட்டால், மாணவியரிடமிருந்து இராசாசி என்ற விடை வரும். சற்றே உள்ளூர்ப் பற்று உடையோரிடமிருந்து ஓமந்தூரார் என்ற விடை வரும். இவ்விருவருக்கும் முன்னரே, 1920ஆம் ஆண்டு திசம்பர் 17ஆம் நாள் சென்னை மாகாணத்தின் முதல் முதலமைச்சராகப் பொறுப்பேற்றவர், தென்னார்க்காடு மாவட்டத்தைச் சார்ந்த வழக்குரைஞர் திவான் பகதூர் அகரம் சுப்பராயலு ரெட்டியார் ஆவார். விழுப்புரமும் திண்டிவனமும் கடலூரும் ஒரே மாவட்டமாக விளங்கிய காலம் அது. 1993இல் விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது நிலம் இரண்டாயிற்று, வரலாறு இரண்டாகவில்லை. ஆயினும் அவர் பெயர் முதலமைச்சர் பட்டியலின் முதல் வரியோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

ஒருவரை மறந்தோம் என்று வருந்துவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவர் எவ்வழியே அப்பதவியை அடைந்தார் என்பதை ஆராய்ந்தால், தமிழகச் சட்டமன்றத்தின் வரலாறு சென்னைக் கோட்டையில் தொடங்கவில்லை என்பது புலனாகும். அது நம் ஊர்களின் வழக்குமன்றங்களிலும், தாலுகா போர்டு அறைகளிலும் தொடங்குகிறது. இக்கருத்தை இயன்றவரை நிறுவுவதே இக்கட்டுரையின் குறிக்கோள்.

மண்ணும் காலமும்

சுப்பராயலு ரெட்டியார் 1855ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் பிறந்தார். சிப்பாய்ப் புரட்சிக்கு ஈராண்டு முற்பட்ட அக்காலத்தில் இந்நிலப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் இருந்தது. அவர் பிள்ளைப் பருவத்தில்தான், இதே மாவட்டத்தின் வடலூரில் 1867ஆம் ஆண்டு வள்ளலார் தருமசாலையின் அடுப்பை மூட்டினார். பஞ்சமும் பசியும் எட்டிப்பார்க்கும் நிலம் இது. பெண்ணையாறும் கெடிலமும் பாய்ந்தாலும், அவற்றில் நீர் ஓடும் நாள்கள் சில. மணல் தெரியும் நாள்கள் பல. ஏரிப் பாசனத்தை நம்பிய நன்செயும், வானம் பார்த்த புன்செயுமே மக்களின் வாழ்வு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் கூற்றில் இந்நிலத்தில் இரண்டு மாறுதல்கள் நேர்ந்தன. ஒன்று, இருப்புப்பாதை. சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தெற்கே சென்ற பாதையோடு, 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கும் கிளைப்பாதை அமைந்தது. விழுப்புரம் சந்திப்பு நிலையமாயிற்று. மற்றொன்று, நம் உழவர் 'மல்லாட்டை' என்று அழைக்கும் மணிலாக்கொட்டை. புன்செய் நிலங்களில் விளைந்த மல்லாட்டை, புதுச்சேரித் துறைமுகம் வழியே பிரெஞ்சு நாட்டின் மார்செய் நகர் வரை சென்றது. கேழ்வரகும் கம்பும் விளைந்த நிலத்தில் காசு விளையத் தொடங்கியது.

காசு வந்த இடத்திற்குக் கடனும் வந்தது. கடன் வந்த இடத்திற்கு வழக்கும் வந்தது. பட்டா, அடமானம், வரப்பு, வாய்க்கால், பங்காளிப் பிரிவினை என மனிதர் தங்கள் உறவுகளைத் தாளில் எழுதி முத்திரையிட்டு, முன்சீப் கோர்ட்டுப் படிகளில் காத்துநின்ற காலம் அது. சிற்றூரிலிருந்து கல்விகற்று வந்த இளைஞருக்கு வழக்குரைஞர் தொழில் செல்வத்தையும் செல்வாக்கையும் ஒருங்கே தந்தது. நிலவுடைமைக் குடும்பத்திலிருந்து வந்து, சட்டம் பயின்று வழக்குரைஞரான சுப்பராயலு ரெட்டியார் இத்தலைமுறையின் மனிதர். நிலத்தை அறிந்தவர், நிலத்தைப் பற்றிய சட்டத்தையும் அறிந்தார். இவ்விரண்டு அறிவும் ஒருவரிடம் சேர்ந்ததே பின்னர் அவருடைய பொதுவாழ்வுக்கு முதலாயிற்று எனலாம்.

வழக்குமன்றமும் போர்டு மன்றமும்

ஊராட்சி என்பது தமிழ் நிலத்திற்குப் புதியதன்று. நம் பகுதிக்கு வடக்கே உத்தரமேரூரில் முதற்பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. விழுப்புரத்தை ஒட்டிய எண்ணாயிரத்தில் இராசேந்திர சோழன் காலத்து ஊர்ச்சபை, 340 மாணாக்கரும் 14 ஆசிரியரும் கொண்ட கல்விச்சாலையைப் புரந்தது எனக் கல்வெட்டுக் கூறுகிறது. ஆயினும் இவற்றை இன்றைய மக்களாட்சியாக எண்ணிப் பெருமை கொள்வது பொருந்தாது. உத்தரமேரூர்ச் சபையில் இடம்பெற வேண்டுமாயின் கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் வேண்டும், சொந்த மனையில் எடுத்த வீடு வேண்டும், வேதக்கல்வி வேண்டும். நிலமற்றவன் ஓலையில் பெயரெழுத இடமில்லை. இச்செய்தியை நினைவில் கொள்க. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் இதே வினாவை நாம் சந்திக்கப் போகிறோம்.

ஆங்கில ஆட்சியில் தல சுயாட்சிக்கு வித்திட்டது ரிப்பன் பிரபு 1882ஆம் ஆண்டு வெளியிட்ட தீர்மானம். அதன் விளைவாக 1884ஆம் ஆண்டின் சென்னை உள்ளாட்சிச் சட்டம், ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என மூன்று படிகளை அமைத்தது. சாலையும் பாலமும், தொடக்கப்பள்ளியும் மருத்துவமனையும், சத்திரமும் சந்தையும் இவற்றின் பொறுப்பு. தொடக்கத்தில் மாவட்ட ஆட்சியரே தலைவராக வீற்றிருந்தார். உறுப்பினர் பலர் நியமனம் பெற்றோர். ஆட்சியரின் முகக்குறிப்பறிந்து தலையசைத்தவரே மிகுதி. எனினும் காலப்போக்கில் தேர்தல் புகுந்தது. ஆட்சியர் அல்லாதாரும் தலைமை ஏற்கும் நிலை வந்தது.

இந்தப் போர்டுகளில் வழக்குரைஞர் முன்னிடம் பெற்றதில் வியப்பில்லை. ஒரு தீர்மானத்தின் வாசகத்தை எழுதவும், விதியின் ஓட்டையைக் காணவும், அதிகாரியின் மறுப்புக்கு மறுமொழி கூறவும் அவர்களுக்குத் தொழிலே பயிற்சி தந்திருந்தது. வள்ளுவர் பொருட்பாலில் அமைச்சு என்னும் அதிகாரத்தை அடுத்துச் சொல்வன்மையை வைத்தார். அவையறிதலையும் அவையஞ்சாமையையும் தனித்தனி அதிகாரங்களாக்கினார். அமைச்சனுக்கு அவையே களம் என்னும் இக்கருத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெய்ப்பித்தவர்கள் வழக்குரைஞர்களே. எதிர்த்தரப்பின் வாதத்தை இறுதிவரை கேட்டல், சான்றில்லாமல் பேசாமை, தோற்றபின்னும் அவையில் அமர்ந்திருத்தல் ஆகிய மூன்றும் வழக்குமன்றம் தந்த பண்புகள்.

சுப்பராயலு ரெட்டியார் இந்திய தேசிய காங்கிரசில் இருந்தவர். கடலூர்த் தாலுகா போர்டிலும், பின்னர்த் தென்னார்க்காடு ஜில்லா போர்டுத் தலைமையிலும் பணியாற்றியவர். ஜில்லா போர்டின் தலைமை என்பது கடலூரில் ஒரு நாற்காலி மட்டுமன்று. வடக்கே திண்டிவனம் முதல் தெற்கே சிதம்பரம் வரையிலும், கிழக்கே கடற்கரை முதல் மேற்கே கல்வராயன் மலையடிவாரம் வரையிலும் பரந்த நிலத்தில், எச்சாலைக்குக் கப்பிக்கல் கொட்டுவது, எவ்வூருக்குப் பள்ளி தருவது என்பனவற்றை முடிவு செய்யும் பொறுப்பு அது. தொகை சிறிது, கேட்போர் பலர். யாருக்கு 'இல்லை' என்பதும், அதை எவ்வாறு சொல்வது என்பதும் அவ்விருக்கை கற்பித்த பாடங்கள். பின்னாளில் மாகாண அமைச்சருக்கு வேண்டியிருந்ததும் இப்பாடமே.

அக்காலக் கடலூர் வட்டாரம் அரசியலால் மட்டும் அறியப்பட்டதன்று. திருப்பாதிரிப்புலியூரில் ஞானியார் அடிகள் (1873-1942) தம் சொற்பொழிவால் சைவத்தையும் தமிழையும் வளர்த்துக்கொண்டிருந்தார். 1918ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் புதுச்சேரி எல்லையைக் கடந்து வந்த பாரதியார் கைது செய்யப்பெற்று, கடலூர்ச் சிறையில் மூன்று வாரங்களுக்கு மேல் அடைபட்டிருந்தார். மடத்தில் தமிழ் முழங்க, போர்டில் சாலைத் தீர்மானம் நிறைவேற, சிறையில் கவிஞர் இருக்க, ஒரே ஊரில் மூன்று காலங்கள் நடந்தன போலும். கவிஞரைச் சிறையிட்ட அரசே, வரம்புக்குட்பட்ட ஆட்சியுரிமையை ஊர்ப் பெரியவர்க்கு வழங்கவும் முன்வந்தது. இம்முரண்பாட்டின் நடுவேதான் நம் சட்டமன்ற வரலாறு பிறந்தது.

1920ஆம் ஆண்டுத் தேர்தல்

1916ஆம் ஆண்டு நவம்பரில் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் தோன்றிற்று. அதன் ஆங்கில இதழின் பெயரால் மக்கள் அதனை நீதிக்கட்சி என்றனர். பிட்டி தியாகராயரும், டாக்டர் டி.எம். நாயரும், டாக்டர் சி. நடேசனாரும் அதன் தூண்கள். அரசுப் பணியிலும் கல்வியிலும் பிராமணரல்லாதார்க்கு உரிய பங்கு வேண்டும் என்பது அதன் முதற்கோரிக்கை. மாவட்டங்களில் நிலமும் செல்வாக்கும் கொண்டு, ஆட்சியில் இடமின்றி நின்ற பலரை அக்கோரிக்கை ஈர்த்தது. சுப்பராயலு ரெட்டியாரும் காங்கிரசை விட்டு நீதிக்கட்சியில் சேர்ந்தார்.

1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் இரட்டையாட்சியைக் கொணர்ந்தது. கல்வி, தல சுயாட்சி, மருத்துவம், வேளாண்மை போன்றவை 'மாற்றப்பட்ட துறைகள்' எனப் பெயர்பெற்று, சட்டமன்றத்திற்குப் பொறுப்பான அமைச்சர் கைக்கு வந்தன. நிதி, நிலவரி, காவல், நீதி போன்றவை 'ஒதுக்கப்பட்ட துறைகள்' என ஆளுநரின் நிருவாகக் குழுவிடமே நின்றன. சாவி ஒருவர் கையில், பெட்டி மற்றொருவர் கையில் என்பது போன்ற ஏற்பாடு இது.

இச்சட்டத்தின்கீழ் 1920ஆம் ஆண்டு இறுதியில் முதற்பொதுத்தேர்தல் நடைபெற்றது. ஒத்துழையாமையை மேற்கொண்ட காங்கிரசு தேர்தலைப் புறக்கணித்தது. தேர்ந்தெடுக்கப்படும் 98 இடங்களில் 63 இடங்களை நீதிக்கட்சி பெற்றது. இவ்வெற்றியை மதிப்பிடும்போது மற்றோர் எண்ணிக்கையையும் உடன்வைத்துக் காணல் வேண்டும். ஏறத்தாழ நான்கு கோடி மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் வாக்குரிமை பெற்றோர் பன்னிரண்டரை லட்சத்தினர். வாக்களித்தோர் மூன்று லட்சத்தினர். நூற்றுவரில் மூவருக்கே வாக்குரிமை. அவருள்ளும் நால்வரில் ஒருவரே வாக்களித்தார். நிலமோ, வரியோ, சொத்தோ உடையவனே வாக்காளன். உத்தரமேரூர்க் கல்வெட்டு 921; சென்னைச் சட்டமன்றத் தொடக்கம் 1921. சரியாக ஆயிரம் ஆண்டு கடந்தும் அவைக்குள் நுழையும் வாயிலில் நிலத்தின் அளவே கேட்கப்பட்டது என்பதை நாம் மறைத்துப் பேசுதல் ஆகாது.

ஆளுநர் வெலிங்டன் பிரபு, வென்ற கட்சியின் தலைவரான தியாகராயரையே அமைச்சரவை அமைக்க அழைத்தார். கட்சியை நடத்துவது தம் கடமை என்று கருதிய தியாகராயர் பதவியை ஏற்க மறுத்து, சுப்பராயலு ரெட்டியாரின் பெயரை முன்மொழிந்தார். இந்நிகழ்ச்சியைத் தியாகராயரின் துறவுள்ளத்திற்குச் சான்றாக மட்டும் எடுத்துரைப்பது வழக்கம். அதன் மறுபக்கமும் எண்ணத்தக்கது. சென்னை நகரின் பெருவணிகரும் நகராட்சித் தலைவருமான ஒருவர் விலகிநின்றபோது, அவ்விடத்திற்கு மாநகரத்திலிருந்து மற்றொருவர் தேடப்படவில்லை. வெளியூர் ஒன்றின் வழக்குரைஞரும், ஜில்லா போர்டின் தலைமையில் இருந்தவருமான அறுபத்தைந்து வயது முதியவர் தெரிந்தெடுக்கப்பட்டார். மாவட்ட ஆட்சியின் பட்டறிவு மாகாண ஆட்சிக்குத் தகுதியாயிற்று என்பதே இதன் பொருள்.

ஏழு திங்கள் ஆட்சி

கல்வி முதலிய துறைகளைச் சுப்பராயலு ரெட்டியார் ஏற்றார். பின்னாளில் பனகல் அரசர் எனப் புகழ்பெற்ற இராமராயநிங்கார் தல சுயாட்சியையும், கே. வெங்கட ரெட்டி நாயுடு வளர்ச்சித் துறையையும் ஏற்றனர். 1921ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் கன்னாட்டுக் கோமகன் புதிய சட்டமன்றத்தைத் தொடங்கிவைத்தார். சர் பி. இராசகோபாலாச்சாரி அவைத்தலைவராக அமர்ந்தார்.

முதலமைச்சர் என்னும் சொல் இன்று நம் செவியில் ஒலிக்கும் பொருளில் அன்று ஒலிக்கவில்லை. காவல்துறை அவர் கையில் இல்லை; நிலவரி இல்லை; கருவூலமும் இல்லை. மெஸ்டன் ஏற்பாட்டின்படி மாகாணங்கள் அனைத்தும் சேர்ந்து மைய அரசுக்கு ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய தொகை 983 லட்சம் ரூபாய். அதில் சென்னை மாகாணத்தின் பங்கு மட்டும் 348 லட்சம். மாகாணங்களுள் மிகப் பெரிய பங்கு இதுவே. மூன்றில் ஒரு பங்கிற்கும் மேலான இச்சுமையைத் தாங்கியபின் எஞ்சியதிலேயே புதிய அமைச்சர்கள் பள்ளி திறக்க வேண்டும். மருந்து வாங்க வேண்டும். மக்கள் முன் விடைகூறும் பொறுப்பு அமைச்சருக்கு. பணத்தை அளந்து கொடுக்கும் உரிமை ஆங்கிலேய நிதி உறுப்பினருக்கு. ஜில்லா போர்டில் ஆட்சியரோடு வழக்காடிய அனுபவம் மாகாண அளவில் மீண்டும் வந்தது என்றே கூறலாம்.

1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் அப்போது புதியது. உள்ளாட்சி அமைப்புகள் கல்விவரி விதிக்கவும், தம் எல்லைக்குள் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கவும் அது வழிசெய்தது. மாவட்டந்தோறும் கல்விக் குழுக்களையும் அமைத்தது. கல்வி அமைச்சரின் பொறுப்பு அச்சட்டத்தைத் தாளிலிருந்து தரைக்குக் கொண்டுவருவது. வரி விதிக்கத் தயங்கும் போர்டுகளின் மனநிலையை, போர்டில் இருந்த அமைச்சரைக் காட்டிலும் நன்கு அறிந்தவர் எவர்?

அவர் முதலமைச்சராக இருந்த காலத்தில் நேர்ந்த மற்றொரு நிகழ்ச்சி காலம் கடந்தும் நிலைத்தது. 1921ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், பெண்டிர் வாக்களிக்கத் தடையாக இருந்த விதியை நீக்கும் தீர்மானத்தைச் சென்னைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. பிரித்தானிய இந்தியாவில் பெண்டிர்க்கு வாக்குரிமை வழங்கிய முதல் மாகாணம் சென்னையே. இதனை ஒரு தனிமனிதரின் சாதனையாகக் கூறுவதற்கில்லை. அவை முழுவதற்கும் உரியது அப்பெருமை. சொத்துரிமையே வாக்குரிமையாக இருந்த அந்நாளில், சொத்துடைய பெண்டிர் மிகச் சிலரே என்பதும் உண்மை. எனினும் திறந்த கதவு மீண்டும் மூடவில்லை. அவ்வழியே 1927இல் டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் சட்டமன்றத் துணைத்தலைவராக அமர்ந்தார். சுப்பராயலு ரெட்டியாரின் கடலூர் மண்ணிலேயே பிறந்து, சிறைகள் பல கண்ட அஞ்சலை அம்மாள், 1937ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் அதே சட்டமன்றத்தில் உறுப்பினராகப் புகுந்தார். கல்லூரியில் நின்று பாடம் சொல்லும் என்போன்ற பெண்கள் அந்த ஏப்ரல் நாளை மறத்தல் தகாது.

உடல்நலம் குன்றியமையால் 1921ஆம் ஆண்டு சூலை 11ஆம் நாள் சுப்பராயலு ரெட்டியார் பதவி விலகினார். அவர் ஆட்சி ஏழு திங்களுக்கும் சற்றுக் குறைவு. பனகல் அரசர் முதலமைச்சரானார், கல்வித்துறை ஏ.பி. பாத்ரோவிடம் சென்றது. வகுப்புவாரி அரசாணை என நாம் அறியும் ஆணை, அவர் விலகியபின் அவ்வாண்டு செப்டம்பரில் பிறப்பிக்கப்பட்டது. ஆதலின் அதன் புகழ் பனகலாரைச் சார்ந்தது. அதே செப்டம்பரில் பாரதியார் தம் முப்பத்தொன்பதாம் அகவையில் மறைந்தார். நவம்பரில் சுப்பராயலு ரெட்டியார் அறுபத்தாறு அகவை நிறைந்த நிலையில் மறைந்தார். ஒருவர் விடுதலையைப் பாடினார். மற்றொருவர் கிடைத்த அளவு உரிமையைக் கையாண்டு பார்த்தார். இருவர் வழியும் வேறு. இரண்டில் ஒன்றைத் தள்ளிவிட்டு அக்காலத்தை எழுத இயலாது.

எடைபோடுதல்

முதற்பதவி வகித்தவர் என்பதற்காக ஒருவரை மலையாக்கிக் காட்டுவது ஆய்வறம் ஆகாது. அவர் அமர்ந்த அவை குடிமக்களுள் மிகச் சிறுபகுதியினரின் அவை. மல்லாட்டைக் காட்டில் களையெடுத்த கூலிப்பெண்ணுக்கும், பண்ணையில் கட்டுண்டு உழைத்த ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் அதில் வாக்கில்லை. நியமன உறுப்பினராக வந்த எம்.சி. இராசா போன்றோரின் குரலே அம்மக்களுக்கு அங்கே கிடைத்த குரல். நீதிக்கட்சி அமைச்சரவையில் தமிழருக்கு உரிய இடமில்லை என்ற குறை, கட்சிக்குள்ளேயே எழுந்தது. 1923இல் அமைந்த இரண்டாம் அமைச்சரவையில் டி.என். சிவஞானம் பிள்ளை சேர்க்கப்பெற்றமை அக்குறைக்கு விடையாக அமைந்தது. நாட்டின் பெரும்பகுதி அந்நிய ஆட்சியோடு ஒத்துழையாமை மேற்கொண்டிருந்த வேளையில் அதனோடு ஒத்துழைத்த ஆட்சி அது என்ற குற்றச்சாட்டும் உண்டு.

இவை அனைத்தையும் ஏற்றபின்னும் எஞ்சுவது ஒன்று உண்டு. ஆட்சி என்பது அரசாணையாக மேலிருந்து வருவது என்று பழகிய நாட்டில், அமைச்சன் அவையின்முன் நின்று விடைகூற வேண்டும் என்ற மரபின் முதல் நாள் அவர் காலத்தில் விடிந்தது. வினா எழுந்தால் விடை வேண்டும். தீர்மானம் வந்தால் வாக்கெடுப்பு வேண்டும். இம்மரபு நலிந்த நாள்களிலும் நாம் அதனையே அளவுகோலாகக் கொள்கிறோம். அளவுகோலை முதலில் கையில் எடுத்தவரின் கை நடுங்கியிருக்கலாம், அளவுகோல் பொய்யாகாது.

மாவட்டத்தின் மற்றொரு மகன்

இவ்விடத்தில் திண்டிவனத்தை நோக்கித் திரும்புவோம். 1920 முதல் 1947 வரை இம்மாகாணத்தை ஆண்ட முதலமைச்சர்களை வரிசைப்படுத்தினால், பொப்பிலி அரசர் போன்ற சிலர் நீங்கலாக, பலரும் சட்டம் பயின்றவர்களாக இருத்தலைக் காணலாம். டாக்டர் பி. சுப்பராயன், முனுசாமி நாயுடு, பி.டி. இராசன், கே.வி. ரெட்டி நாயுடு, இராசாசி, ஆந்திர கேசரி பிரகாசம் ஆகியோர் அவ்வகையினர். உள்ளாட்சிப் படியில் ஏறி வந்தோரும் அவருள் உளர். முனுசாமி நாயுடு சித்தூர் ஜில்லா போர்டின் தலைவராக இருந்தவர். இராசாசி சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். பிரகாசம் இராசமகேந்திரி நகராட்சித் தலைவராக இருந்தவர். வழக்குமன்றம், உள்ளாட்சி மன்றம், சட்டமன்றம் என்னும் இம்மூன்று படிகளில் ஏறி முதலமைச்சரானோரின் வரிசையைத் தொடங்கிவைத்தவர் தென்னார்க்காட்டின் சுப்பராயலு ரெட்டியார்.

அவ்வரிசையை உடைத்தவரும் தென்னார்க்காட்டாரே என்பது எண்ணி மகிழத்தக்கது. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895ஆம் ஆண்டு பிறந்த ஓ.பி. இராமசாமி ரெட்டியார், 1947ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள் முதலமைச்சரானார். அவர் வழக்குரைஞர் அல்லர், உழவர். கறுப்பு அங்கி அணியாமல், மண்ணின் அறிவையும் காந்திய வாழ்வையும் கொண்டு கோட்டைக்குள் புகுந்தவர். அவர் ஆட்சியில் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டமும், எல்லாச் சாதியாரும் கோயிலுள் நுழைய உரிமை தரும் சட்டமும், சமீன்தாரி ஒழிப்புச் சட்டமும் நிறைவேறின. 1949ஆம் ஆண்டு ஏப்ரலில் பதவி துறந்த அவர், வடலூர் சென்று வள்ளலார் நெறியில் நின்று, 1970இல் மறைந்தார்.

ஒரே மாவட்டம் ஈன்ற இவ்விருவரையும் அடுத்தடுத்து வைத்துக் காணும்போது, இருபத்தேழு ஆண்டுகளில் நாடு கடந்த தொலைவு தெரிகிறது. முன்னவர் காலத்தில் அமைச்சர் கையில் கருவூலம் இல்லை. பின்னவர் காலத்தில் முழு ஆட்சியும் முதலமைச்சர் பொறுப்பு. முன்னவர் நிலவுடையார் வாக்கால் வந்தவர். பின்னவர் ஆட்சி பெருநிலவுடைமையின் வேரில் கைவைத்தது. கட்சியால் எதிரெதிர் நின்றவர்கள் எனினும், இருவரும் தேடிச் சென்று பதவியைப் பற்றவில்லை. இறங்கும் நாள் வந்தபோது மீண்டும் ஏற முயலவுமில்லை. அவ்வகையில் இருவரும் ஒரே மண்ணின் மணம் உடையவர்.

நிறைவாக

வட்டார வரலாறு என்பது பெரிய வரலாற்றின் சிறிய படி என எண்ணுவோர் உளர். சுப்பராயலு ரெட்டியாரின் வாழ்வு அதற்கு மாறானதைக் காட்டுகிறது. சென்னைக் கோட்டையில் 1921இல் கூடிய அவை, அதற்கு முன் நாற்பதாண்டுகளாக நம் ஊர்களின் போர்டுகளில் பழகிய பேச்சின் விரிவு. அந்தப் பழக்கத்தின் எச்சங்கள் இன்னும் நம்மைச் சுற்றி உள்ளன. பழைய பள்ளிக் கட்டடத்தின் அடிக்கல், சத்திரத்துச் சுவரில் பதித்த பெயர்ப்பலகை, வழக்குரைஞர் வீட்டுப் பரணில் கிடக்கும் அச்சிட்ட வாதுரை, போர்டுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு ஆகிய இவை கறையானுக்கு இரையாகும் முன் படித்துப் பதிவு செய்யப்பட வேண்டும்.

பத்தாண்டு நிறைவுற்ற நம் இலக்கியக் கழகம் கவிதையை வளர்த்தது. அதனோடு இப்பணியையும் மேற்கொள்ளுமாயின் பெரும்பயன் விளையும். கழகத்தின் கவிஞர்கள் சொல்லை ஆள்பவர்கள். சொல்லால் வழக்காடி, சொல்லால் அவையேறி, இன்று ஒற்றை வரியாய் நிற்கும் ஒருவரின் வரலாறு அவர்களுக்கு அயலானது அன்று. திங்களுக்கு ஒருமுறை கூடும் நம் கூட்டத்தில் ஓர் உறுப்பினர், தம் ஊரின் பழைய கல்லையோ தாளையோ ஒன்றைப் படித்துக் காட்டட்டும். அடுத்த பத்தாண்டு மலர் வெளிவரும்போது, முதல் முதலமைச்சர் யார் என்ற வினாவுக்கு விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பயிலும் நம் பிள்ளைகள் தயங்காது விடை கூறுவர்.